குட்டைக் குழல் ரிவால்வருக்குத் தோட்டா வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் தற்காப்புக்காக முதன்முதலில் துப்பாக்கி வாங்க வருபவர்களிடம் பல கடைக்காரர்கள் எடுத்து நீட்டுவது, இரண்டு அங்குலக் குழல் கொண்ட சின்ன ரிவால்வரைத்தான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1950-ல் ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ என்று கொண்டுவந்த ஐந்து தோட்டா ரிவால்வரின் வாரிசுகள்தான் இன்றைய 642 போன்றவை. சுடுவது .38 ஸ்பெஷல் என்ற வகைத் தோட்டாவை, துப்பாக்கியின் எடை ஏறக்குறைய 425 கிராம். பையில் அடங்கும், மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்தாலும் சுடும். ஆனால் இதைச் சுடக் கற்பது பெரிய துப்பாக்கியைவிடக் கடினம். இதற்குச் சரியான தோட்டா பார்த்து வாங்குவதும் அப்படித்தான். நான்கு அங்குலக் குழலில் நன்றாக வேலை செய்யும் தோட்டா இதில் கைவிட்டுவிடலாம்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தை அப்படியே நம்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. .38 ஸ்பெஷலின் வேகத்தைப் பெரும்பாலும் நான்கு அங்குலமோ அதற்கு மேலோ நீளமுள்ள சோதனைக் குழலில்தான் அளக்கிறார்கள். குழல் பாதியாகக் குறைந்தால், வெடிமருந்து எரிந்து வரும் வாயு குண்டைத் தள்ளும் தூரமும் குறைகிறது. நொடிக்கு நூறு அடி வேகம்கூடப் போய்விடலாம். இந்தத் தோட்டாவுக்கு ஏற்கெனவே வேகம் கம்மி. ஹாலோ பாயின்ட் குண்டு, அதாவது நுனியில் குழி உள்ள குண்டு, இலக்கில் பட்டதும் விரிய வேண்டும் என்றால் அதற்குக் குறைந்தபட்ச வேகம் ஒன்று தேவை. அது கிடைக்காதபோது குழியில் சட்டைத் துணி அடைத்துக்கொண்டு, குண்டு விரியாமலே போகும். சில வகைகள் விரிந்துவிடும், ஆனால் போதிய ஆழம் போகாமல் நின்றுவிடும்.

எவ்வளவு ஆழம் போதும்? 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் இரண்டு எஃப்.பி.ஐ. ஏஜென்டுகள் கொல்லப்பட்ட துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு, அந்த அமைப்பு தோட்டா சோதனை முறைகளை வகுத்தது. பத்து சதவீத ஜெலட்டின் கட்டியில், துணி போர்த்தியும் போர்த்தாமலும் சுட்டால், குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது, இரண்டு அங்குலக் குழலில், துணி வழியாகச் சுட்ட ஜெலட்டின் சோதனை முடிவுகளை. குட்டைக் குழலுக்கென்றே செய்த தோட்டாக்களும் இருக்கின்றன. நியூயார்க் காவல்துறையின் குட்டை ரிவால்வர்களை மனதில் வைத்து உருவான ஸ்பீர் கோல்ட் டாட் 135 கிரெய்ன் பிளஸ் பி ஒன்று (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு, பிளஸ் பி என்பது வழக்கத்தைவிட அழுத்தம் கூடிய வகை). அதன் பெட்டியில் நொடிக்கு 860 அடி என்று போட்டிருப்பது இரண்டு அங்குலக் குழலில் அளந்த வேகம். கேட்பதற்குக் குறைவாகத் தோன்றும், ஆனால் நேர்மையான எண்.

அப்புறம், ‘.38 ஸ்பெஷலைவிட வலுவான .357 மேக்னம் தோட்டா போட்டால் பிரச்சினை தீர்ந்தது’ என்ற நினைப்பு. .38 ஸ்பெஷலின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, பிளஸ் பி வகைக்கு 20,000, மேக்னத்துக்கு 35,000. இவ்வளவு வெடிமருந்தும் இரண்டு அங்குலத்துக்குள் எரிந்து முடியாது. மிச்சம் குழலுக்கு வெளியே நெருப்பாகவும் சத்தமாகவும் போகிறது. வேகம் கொஞ்சம் கூடும், உதைப்பு மிக அதிகமாகக் கூடும். ஸ்கேண்டியம் என்ற உலோகம் கலந்த 340 பிடி போன்ற மாடல்களின் எடை 340 கிராமுக்குப் பக்கம்தான். அதில் மேக்னம் சுட்டவர்கள் இரண்டாவது குண்டுக்குக் குறியை மீட்கப் படும் பாட்டை ரேஞ்சில் பார்த்தாலே போதும். முதல் சூடு தவறினால் அடுத்ததாவது படவேண்டும் என்பதற்காகத்தான் மிச்சம் நான்கு தோட்டாக்கள் இருக்கின்றன. அவற்றைப் பயனில்லாமல் ஆக்கும் தோட்டா எனக்குச் சக்தியுள்ள தோட்டாவாகத் தெரியவில்லை.

லேசான ரிவால்வரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சுடும்போது துப்பாக்கி பின்னுக்குப் பாய்கிறது. சிலிண்டரில், அதாவது தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளையில், காத்திருக்கும் தோட்டாக்களின் உறைகளும் விளிம்பில் மாட்டி அதோடு பின்னுக்கு இழுபடுகின்றன. உறைக்குள் இறுகியிருக்கும் குண்டோ நிலைமத்தால் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. பிடி தளர்ந்தால் குண்டு மெல்ல முன்னுக்கு நழுவும். சிலிண்டரின் முகப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டால் துப்பாக்கியின் சட்டகத்தில் இடித்து, சிலிண்டர் சுழலாமல் நின்றுவிடும். ரிவால்வர் எப்போதும் சுடும் என்று நம்பி வாங்கியவருக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. இதைச் சோதிப்பது எளிது. ஐந்து தோட்டா போட்டு நான்கைச் சுடுங்கள். ஐந்தாவதை எடுத்து, பெட்டியிலிருக்கும் புதுத் தோட்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியுமளவு நீளம் கூடியிருந்தால் அந்தத் தோட்டா உங்கள் துப்பாக்கிக்கு வேண்டாம்.

உதைப்புக்குப் பயந்து எதிர்த் திசையில் போவதும் உண்டு. 158 கிரெய்ன், அதாவது பத்து கிராம் சொச்சம் எடையுள்ள குண்டுதான் .38 ஸ்பெஷலின் வழக்கமான எடை. உதைப்பு குறையட்டும் என்று 90, 110 கிரெய்ன் குண்டுகளை வாங்குகிறார்கள். உதைப்பு குறைவது உண்மைதான். ஆனால் குண்டு ஆழம் போகாமல் நிற்கும் வாய்ப்பு கூடுகிறது. குறியும் மாறுகிறது. இந்த ரிவால்வர்களின் குறிமுனை திருகித் திருத்த முடியாதது, பெரும்பாலும் 158 கிரெய்னை ஒட்டியே அமைத்திருப்பார்கள். கனமான குண்டு குழலைவிட்டு மெதுவாக வெளியேறும், அதற்குள் உதைப்பில் குழல் சற்று உயர்ந்துவிடும், குண்டு மேலே படும். லேசான குண்டு சீக்கிரம் வெளியேறிவிடுவதால் கீழே படும். மேக்னம் சுடும் மிக லேசான மாடல்கள் சிலவற்றில் 120 கிரெய்னுக்குக் குறைந்த குண்டு வேண்டாம் என்று குழலிலேயே பொறித்திருக்கிறார்கள். கட்டாயம் அதைப் படியுங்கள்.

உதைப்புத் தாங்காதவர்களுக்கு என் பரிந்துரை 148 கிரெய்ன் வாட்கட்டர். தட்டை முகம் கொண்ட ஈயக் குண்டு, இலக்குப் பயிற்சிக்கென்று பிறந்தது. விரிவதை நம்பி இருக்காததால் குட்டைக் குழல் அதை ஏமாற்றுவதில்லை, மென்மையாக உதைக்கும், ஆழமும் போகும். ஒரே சிக்கல், தட்டை முகம் சிலிண்டர் ஓட்டைக்குள் எளிதாக நுழையாது. அதனால் சிலிண்டரில் வாட்கட்டர், மறுபடி நிரப்ப ஸ்பீட்லோடரில் (எல்லாத் தோட்டாவையும் ஒரே தடவையில் நிரப்பும் கருவி) உருண்டை முனைத் தோட்டா என்று பலர் வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் படுகிறதா என்று சுட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய ரிவால்வர் கையில் இருந்தால் பிளஸ் பி தோட்டாவை உடனே போட்டுவிடாதீர்கள். கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷல் 1927-லேயே வந்துவிட்டது. அலுமினியச் சட்டகம் கொண்ட பழைய மாடல்கள் பல இந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கையேட்டைப் பாருங்கள், இல்லாவிட்டால் தயாரித்த நிறுவனத்திடம் கேளுங்கள். .38 எஸ் அண்ட் டபிள்யூ என்றொரு பழைய தோட்டாவும் இருக்கிறது. பெயரில் .38 இருந்தாலும் அதன் உறை அகலம், நீளம் எல்லாமே வேறு. .38 ஸ்பெஷலுக்கு அது மாற்று அல்ல.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. நம்மவர்கள் நிறைய வசிக்கும் நியூ ஜெர்ஸியில் ஹாலோ பாயின்ட் தோட்டாவை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பொதுவெளியில் எடுத்துச் செல்வதற்கு, கேரி பெர்மிட், அதாவது துப்பாக்கி எடுத்துச் செல்லும் அனுமதி, உள்ளவர்களுக்கும் கடுமையான கட்டுப்பாடு இருந்துவந்திருக்கிறது. குழியைப் பாலிமரால் முழுதும் அடைத்த வகையை அந்த மாநிலப் போலீஸ் ஹாலோ பாயின்ட்டாகக் கருதுவதில்லை. வேறு மாநிலத்தில் வாங்கியதைக் காரில் போட்டுக்கொண்டு வருவதற்கு முன் இன்றைய நிலவரத்தை வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, மலிவுத் தோட்டாவில் பயிற்சி செய்து, விலை உயர்ந்ததைப் பெட்டியோடு வைத்திருப்பது. பயிற்சிக்கு மலிவு சரிதான். ஆனால் தற்காப்புக்குத் தேர்ந்தெடுத்த வகையில் ஒரு பெட்டியாவது உங்கள் ரிவால்வரிலேயே சுட்டுப் பார்க்க வேண்டும். ஏழு கெஜத் தூரத்தில் ஒரு காகிதத் தட்டை மாட்டுங்கள். சுத்தியலைக் கையால் இழுத்து வைக்காமல், விசையை முழுதாக அழுத்தி ஐந்தையும் சுடுங்கள். ஐந்தும் தட்டில் விழுகின்றனவா, எல்லாம் வெடித்தனவா, காலி உறைகள் ஒரே தள்ளலில் விழுந்தனவா என்று பாருங்கள். குட்டை ரிவால்வரில் வெளியேற்றும் தண்டும் குட்டை, .357-ன் நீள உறைகள் அதில் பாதி வழியில் நின்றுவிடுவது சகஜம். இரண்டு மூன்று வகைகளை இப்படிச் சுட்டுப் பார்த்து, தட்டில் அதிகம் விழுந்த வகையை வாங்கிக்கொள்ளுங்கள்.