பழைய விளையாட்டின் அசல் பதிப்பைக் கைவசம் வைத்துக்கொள்வது எப்படி?

டிஜிட்டல் கடையில் நாம் வாங்கும் விளையாட்டு, விற்றவர் நினைத்தால் வாங்கியவரின் கணினிக்குள்ளேயே வந்து மாற்றிவிடக்கூடிய பொருள். 2008-இல் வெளிவந்த ஜிடிஏ 4 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) என்ற விளையாட்டின் பாடல் உரிமங்கள் பத்தாண்டில் காலாவதியானபோது, 2018 ஏப்ரலில் வந்த ஓர் அப்டேட், அந்த விளையாட்டை ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியிருந்தவர்களிடமிருந்தும் பல பாடல்களை எடுத்துவிட்டது. விளையாட்டுக்குள் ஒலிக்கும் விளாடிவோஸ்டாக் எஃப்எம் என்ற ரஷ்ய வானொலிக்குத்தான் அதில் பலத்த அடி. 2021-இல் ஜிடிஏ-வின் மூன்று பழைய பாகங்களுக்கு மறுவார்ப்பு (ரீமாஸ்டர்) வந்தபோது அசல்கள் கடைகளிலிருந்து இறக்கப்பட்டன. ரசிகர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் கணினிப் பதிப்புகள் அதை வெளியிட்ட நிறுவனத்தின் சொந்தக் கடையில் மீண்டும் தலைகாட்டின. மறுவார்ப்பு வருவதில் குறையொன்றும் இல்லை. பழையதை எடுத்துவிட்டு அதன் இடத்தில் புதியதை உட்கார வைப்பதுதான் அநியாயம்.

எனவே முதல் வேலை, நாம் காக்க விரும்புவது எந்தப் பதிப்பு என்று தீர்மானிப்பது. வேலூரின் சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஜிடிஏ வைஸ் சிட்டி ஆடி வளர்ந்தவர்களுக்கு இது சற்றுச் சங்கடமான கேள்வி. அங்கெல்லாம் ஓடியவற்றில் வானொலியையும் இடைக்காட்சிகளையும் வெட்டிச் சுருக்கிய காப்பிகள் ஏராளம் என்பதால், நினைவில் இருப்பதே அசல் என்று நம்பிவிடக் கூடாது. பிசிகேமிங்விக்கி என்ற தளத்தில் விளையாட்டின் பெயரைத் தேடினால், எந்தக் கடையில் எந்தப் பதிப்பு விற்கப்படுகிறது, எதில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இருக்கிறது, எந்த அப்டேட் எதை நீக்கியது என்பவை பெரும்பாலும் கிடைத்துவிடும். வாங்கும் முன் பத்து நிமிடம் அதில் செலவிடுவது நல்லது.

ஸ்டீம், ஜிஓஜி என்ற இரண்டு டிஜிட்டல் கடைகளிலும் கிடைக்குமானால் ஸ்டீமை விட ஜிஓஜி-யில் வாங்குவதே என் பரிந்துரை. காரணம், அங்கே தனித்து இயங்கும் நிறுவல் கோப்பு கிடைக்கிறது. ஜிஓஜி கேலக்ஸி செயலி வழியாக நிறுவிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ளாமல், கணக்கிற்குள் நுழைந்து விளையாட்டின் பக்கத்திலுள்ள ஆஃப்லைன் பேக்கப் இன்ஸ்டாலரைப் பதிவிறக்க வேண்டும். பெரிய விளையாட்டாக இருந்தால் 'செட்டப்' என்று தொடங்கும் ஒரு கோப்பும், அதே பெயரில் எண்ணிட்ட 'பின்' துண்டுகளும் வரும். ஒரு துண்டு விடுபட்டாலும் நிறுவல் பாதியில் நின்றுவிடும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைக்க வேண்டும். கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் பெரும்பாலும் இருக்கும், அதை மாற்றாதீர்கள். பிறகு புதிய பதிப்பு வந்தால் தனி ஃபோல்டரில் இறக்குங்கள், பழையதன் மேல் எழுதிவிடாதீர்கள். அங்கேயே கிடைக்கும் கையேடு, வரைபடம், இசை ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது. 2024 டிசம்பரில் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டின் முதலிரண்டு பாகங்கள் அந்தக் கடையின் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டபோதும், முன்பே வாங்கியிருந்தவர்களுக்கு இந்த நிறுவல் கோப்புகள் தொடர்ந்து கிடைத்தன.

ஸ்டீமில் வேலை கொஞ்சம் கூடுதல். விளையாட்டின் ப்ராப்பர்ட்டீஸில் பீட்டாஸ் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். சில நிறுவனங்கள் பழைய பதிப்பை அங்கே விட்டுவைக்கின்றன. அப்டேட் பகுதியில், விளையாட்டைத் தொடங்கும்போது மட்டும் புதுப்பிக்கும்படி அமைத்துவிட்டால், பின்னணியில் தானாக மாறிவிடும் ஆபத்து குறையும், ஆனால் முற்றிலும் நீங்காது. ஸ்டீமே எடுத்துத் தரும் பேக்கப்பை மீட்க ஸ்டீம் கணக்கு தேவைப்படும் என்பதால், அதை மட்டும் நம்பியிருப்பது பாதுகாப்பல்ல. வீட்டில் கிடக்கும் விண்டோஸ் 7 கணினியில் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுபவர்கள், 2024 ஜனவரி 1 முதல் அதற்கான ஆதரவை ஸ்டீம் நிறுத்திவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். எனினும் ஸ்டீமில் விற்கும் விளையாட்டுகள் சில, ஸ்டீம் இல்லாமலே ஓடும். ஃபோல்டரை அப்படியே வேறிடத்திற்கு நகலெடுத்து, ஸ்டீமை முழுவதும் மூடி, நெட்டைத் துண்டித்துத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

கோப்பு கைக்கு வந்ததும் அதன் கைரேகையை, அதாவது அதை அடையாளம் காட்டும் குறியீட்டை, எடுத்து வைக்க வேண்டும். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, செர்ட்யூட்டில் என்ற கட்டளையின் ஹாஷ்ஃபைல் வசதிக்குக் கோப்பின் பெயரையும் எஸ்ஹெச்ஏ256 என்ற முறையையும் கொடுத்தால், 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு வரி வரும். அந்த வரி, வாங்கிய தேதி, கடை, பதிப்பு எண் ஆகியவற்றை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். ஆண்டுக்கொரு முறை கட்டளையை மீண்டும் ஓட்டி, அதே வரி வருகிறதா என்று பார்க்க வேண்டும்; ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்த நகல் கெட்டுவிட்டது, மற்ற நகலிலிருந்து எடுத்து மாற்ற வேண்டும்.

மற்ற நகல் என்றால் வேறொரு ஹார்ட் டிஸ்க்கில், முடிந்தால் வேறொரு வீட்டில். என்னுடைய இரண்டாவது டிஸ்க் குடியாத்தத்தில் அக்கா வீட்டு பீரோவில், புடவைகளுக்கு நடுவே இருக்கிறது; தீபாவளிக்குப் போகும்போது அதையும் சோதித்துவிட்டு வருவேன். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கத்திரியில் மொட்டை மாடி அறையிலும் பரணிலும் டிஸ்க்கை வைப்பது தற்கொலைக்குச் சமம். எஸ்எஸ்டி எனப்படும் சில்லு வகைச் சேமிப்பானை மின்சாரமின்றிப் பல ஆண்டுகள் மூடி வைப்பதும் தகாது, அதுவும் வெப்பத்தில் கூடவே கூடாது.

பழைய சிடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தடை உண்டு: சேஃப்டிஸ்க் என்ற நகல்தடுப்புப் பூட்டு போட்ட சிடிகள் விண்டோஸ் 10-இல் ஓடாது. சட்டத்தைப் பொறுத்தவரை, இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு, மென்பொருளை முறையாக வைத்திருப்பவர் இழப்பு, சேதம் ஆகியவற்றுக்கு எதிரான தற்காலிகப் பாதுகாப்பாகக் காப்பு நகல் எடுக்க இடமளிக்கிறது. அந்த நகலை நண்பர்களுக்குப் பென்டிரைவில் விநியோகிக்க அது இடமளிக்கவில்லை.

கடைசியாக, ஆட்டத்தில் எட்டிய இடத்தைப் பதிந்து வைக்கும் சேவ் கோப்புகள். இவை பெரும்பாலும் விளையாட்டின் ஃபோல்டரில் இல்லாமல் டாக்குமென்ட்ஸ் போன்ற இடங்களில் கிடப்பதால், நிறுவல் கோப்பை மட்டும் காத்தவர்கள் இவற்றை மறந்துவிடுகிறார்கள். புதிய பதிப்பில் எடுத்த சேவ் பழைய பதிப்பில் திறக்காமல் போகலாம் என்பதால், எந்தப் பதிப்பில் ஆடினீர்களோ அந்தப் பதிப்பின் ஃபோல்டருக்குள்ளேயே அதன் சேவ்களையும் நகலெடுத்து வையுங்கள்.