விரலுக்கு ஒரு காவிரி: தொட்டுப் படிக்கும் வரைபடம் செய்யலாம்

பார்வையற்ற மாணவர்களுக்காக நான் முதலில் செய்த காவிரி வரைபடத்தில் மாவட்ட எல்லைகளுக்கும் நூல் ஒட்டியிருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆற்றைத் தடவிக்கொண்டே போன ஏழாம் வகுப்புப் பையன் சேலம் எல்லைக்குள் புகுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு, "சார், காவிரி ஏன் புறப்பட்ட இடத்துக்கே வருது?" என்றான்.

கண் முழுப் படத்தையும் ஒரே பார்வையில் வாங்கிவிடும். விரல் துண்டு துண்டாகத் தொட்டு மனசுக்குள் ஒட்டுப்போட வேண்டும். அதனால் எதை ஒட்டலாம் என்பதைவிட எதை விடலாம் என்றுதான் அதிகம் யோசிக்க வேண்டும்.

வேண்டியவை: கெட்டியான சார்ட் அட்டை, சணல் கயிறு, மெல்லிய எம்பிராய்டரி நூல், பாசிமணி, தட்டைப் பொத்தான், காடாத் துணி, ஃபெவிகால், தையல் சாமான் கடையில் கிடைக்கும் பல் சக்கரம் (ட்ரேசிங் வீல்). நகரங்களைக் குறிக்கப் பருப்பு ஒட்டாதீர்கள். வண்டு வந்துவிடும், எனக்கு வந்தது.

1. குறையுங்கள்

ஒகேனக்கல் முதல் பூம்புகார் வரை போதும். மேட்டூர் அணை, பவானி, அமராவதி, முக்கொம்பு, கல்லணை, கொள்ளிடம், கடல். மற்றவை அடுத்த தாளுக்கு. படம் இரண்டு கைக்குள் அடங்கட்டும்.

2. புள்ளிக் கோடு

கடற்கரைக்குப் பல் சக்கரம். தாளைத் திருப்பி, மடித்த துண்டின் மேல் வைத்துப் பின்பக்கம் உருட்டினால் முன்பக்கம் புள்ளிகள் எழும்பும். ஆகவே படத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். பிரெய்ல் (தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்து) ஸ்லேட்டில் குத்தி எழுதியவர்களுக்கு இது பழக்கம். அங்கேயும் வலமிருந்து இடமாகத்தானே குத்துகிறோம்! இதை ஒட்டும் வேலைக்கு முன்பே முடித்துவிடுங்கள். கயிறு ஒட்டிய தாளில் சக்கரம் ஓடாது.

3. ஆறு

காவிரிக்குச் சணல், பவானிக்கும் அமராவதிக்கும் மெல்லிய நூல். தடவினால் எது பெரிய ஆறு என்று கேட்காமலே தெரிய வேண்டும். அணைகளுக்குப் பொத்தான், ஊர்களுக்குப் பாசிமணி. எதற்கும் எதற்கும் நடுவில் குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும், நான் 5 விடுவேன். அதைவிட நெருங்கினால் இரண்டு கோடும் விரலுக்கு ஒரே கோடுதான்.

இங்கேதான் முக்கொம்பு நம்மைச் சோதிக்கும். அங்கே பிரியும் கொள்ளிடமும் காவிரியும் கல்லணைப் பக்கம் மறுபடி நெருங்கி வருகின்றன. நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கம் தீவு நம் அளவில் ஒரு கீற்று. அளவு தப்பக் கூடாதென்று அப்படியே ஒட்டினால் தீவு காணாமல் போய்விடும். முழு வரைபடத்தில் கொள்ளிடத்தைக் கொஞ்சம் வடக்கே தள்ளி ஒட்டுங்கள். இது பொய் இல்லை, விரலுக்கான சலுகை. தீவை மட்டும் தனித் தாளில் பெரிதாகச் செய்து, "இது அந்த இடத்தின் பெரிய படம்" என்று சொல்லிக் கொடுங்கள்.

4. கடல்

காடாத் துணி. உப்புத்தாள் நன்றாகத் தெரியும்தான், ஆனால் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி மரத்துப்போகும். அடுத்த வகுப்பில் அதே விரலால்தான் பிரெய்ல் படிக்க வேண்டும்.

5. பெயர்கள்

பிரெய்ல் எழுத்தைச் சிறிதாக்க முடியாது. 'மே' என்று எழுதவே இரண்டு கட்டம் (ஒரு கட்டம் என்பது ஆறு புள்ளிக்கான இடம்) ஆகும். அதனால் படத்தில் முதலெழுத்து மட்டும். முழுப் பெயர்கள் தனித் தாளில். தாளின் வலது மேல் மூலையைச் சற்று வெட்டிவிட்டால் எது மேல்பக்கம் என்று தொட்டதும் தெரியும்.

கொஞ்சம் பார்வை மிச்சமிருக்கும் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். அவர்களுக்காக மஞ்சள் அட்டையில் கறுப்புச் சாயம் தோய்த்த சணலை ஒட்டுங்கள்.

6. சோதனை

ஒரு இரவு காயட்டும். அப்புறம் நீங்கள் கண்ணை மூடித் தடவிப் பார்த்தால் போதாது. படம் ஏற்கெனவே உங்கள் மனசில் இருக்கிறதே. இந்தப் படத்தைத் தொட்டிராத ஒரு மாணவரிடம் கொடுங்கள். அவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உங்கள் கையைக் கீழே வைத்து, அதன் மேல் அவர் கையை வைத்துக்கொள்ளச் சொல்லி வழிகாட்டலாம். முதலில் இரண்டு கையாலும் முழுத் தாளையும் தடவட்டும், பிறகு ஒகேனக்கல்லில் விரலை வைக்கட்டும். எங்கே தயங்குகிறாரோ அங்கே பென்சிலால் குறியுங்கள். அந்த இடத்தைத்தான் பிய்த்து மறுபடி ஒட்ட வேண்டும்.