தைப்பூசம் முடிஞ்சா பூ பாக்கக் கிளம்புங்க: தோட்டப்புறத்துல தெக்கோமாவும் காட்டுப்பூவும் பாக்குறது எப்படி

மார்ச் கடைசில போன தொறந்தா ஜப்பான் சக்குரா, அதான் செர்ரிப் பூ, படமா வந்து கொட்டுது. அழகுதான், இல்லன்னு சொல்லல. ஆனா நான் இருக்குறது மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கம், அதே நாள்ல எங்க ரோட்டோரமும் தெக்கோமா மரம் ரோஸ் கலரா பூத்து நிக்கும், கீழ மோட்டார நிறுத்திட்டுப் போறவங்க ஒருத்தரும் அண்ணாந்து பாக்குறதில்ல. அது எனக்கு நெஜமாவே மனசுக்கு கஷ்டமா இருக்கு. அதான் புதுசா பூ பாக்கப் போறவங்களுக்காக நான் பண்றத வரிசையா எழுதுறேன்.

படி 1: மழையக் கவனிங்க

சக்குரா மரத்துக்குக் குளிர் வேணும், குளிர்காலம் பூரா தூங்கி எந்திரிச்சாத்தான் மொட்டு விரியும், அதனால நம்ம ஊரு சூட்டுல அது பூக்காது. நம்ம தெக்கோமாவுக்கு வேண்டியது வறட்சி. தைப்பூசம் முடிஞ்சு வெயில் ஏறி மண்ணு காய ஆரம்பிச்சா மரம் இலையக் கொட்டிடும், அதுக்கப்புறம் பங்குனி உத்திரத்த ஒட்டி ஒருநாள் காலைல பாத்தா இலையே இல்லாத கெளையில பூவா நிக்கும். ஆகஸ்ட், செப்டம்பர்லயும் சில வருஷம் பூக்கும். தேதிய நம்பாதீங்க, வெயில நம்புங்க. இலை கொட்டுன மரத்த தினமும் கடைக்குப் போற வழியில ஒரு பார்வை பாத்துட்டே இருங்க, ஏன்னா நல்லா பூத்து நிக்கிறது சில நாள்தான், நடுவுல ஒரு பெரிய மழை வந்தா எல்லாம் தரையில.

படி 2: எது எதுன்னு தெரிஞ்சுக்குங்க

தெக்கோமாவ மலேசிய சக்குரான்னு சொல்றாங்க, ஆனா ரெண்டுக்கும் சொந்தமே இல்ல. சக்குரா ரோஜா குடும்பம். தெக்கோமாவோட தாய்நாடு மெக்சிக்கோவுல இருந்து தென்னமெரிக்கா வரைக்கும், எல் சல்வடோர்ல அதுதான் தேசிய மரம். கீழ விழுந்த பூவ ஒண்ணு எடுத்துப் பாருங்க, நாதஸ்வர அணைசு மாதிரி விரிஞ்சு, தொண்டையில மஞ்சளா இருக்கும். சக்குரா இதழ் தனித்தனியா இருக்கும், நுனியில சின்னதா ஒரு வெட்டு இருக்கும்.

அங்சானாவும் இதே மாதிரி வறட்சிக்கப்புறம் பூக்குற மரந்தான், நம்ம வேங்கை மரத்துக்குச் சொந்தக்காரன். ஒரே நாள் பூத்து மறுநாள் ரோடெல்லாம் மஞ்சளாக் கொட்டிடும்.

படி 3: பால்மரக் காட்டுக்குள்ள போங்க

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். முக்காவாசி இடம் செம்பனையா, அதாவது எண்ணெய்ப் பனையா மாறிடுச்சு, ஆனா பழைய பால்மரம், அதான் ரப்பர் மரம், இன்னும் அங்கங்க நிக்குது. பிப்ரவரி, மார்ச்ல இலை செவப்பும் ஆரஞ்சுமா மாறி கொட்டும், மர நிரைக்குள்ள நடந்தா சரசரன்னு சத்தம் கேக்கும், அப்புறம் தளிர் வரும்போது கூடவே வெளிர் மஞ்சள்ல பொடிப்பொடியா பூ வரும், வாசம் இருக்கும், இதழே கெடையாது. இந்த மரத்தோட வெத பிரேசில்ல இருந்து 1876ல லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயி, 1877ல மரக்கன்னா சிங்கப்பூர் வந்து, அதுல கொஞ்சம் பக்கத்து ஊரான கோலகங்சார்ல நட்டாங்க. பால் வெட்டுன நம்ம பாட்டன் பாட்டி காலத்துல எல கொட்டுறப்ப பால் குறையும், பால் குறைஞ்சா சம்பளம் குறையும், அவங்களுக்கு அது கவலைக் காலம். அண்ணாந்து பூ பாக்க அவங்களுக்கு ஏது நேரம். அந்த நிரையில நான் நிக்கும்போது அவங்களுக்கும் சேத்துப் பாக்குற மாதிரி இருக்கும்.

படி 4: காலைல எட்டு மணிக்குப் போங்க

செம்பனைத் தோட்டத்து ரோட்டோரம், நடு மட்டும் கருப்பா இருக்குற வெள்ளப் பூ பாத்திருப்பீங்க, மஞ்சள்லயும் உண்டு. மலாய்ல புங்கா புக்குல் லாப்பான், அதாவது எட்டு மணிப் பூ. காலைல விரியும், மதியத்துக்குள்ள மூடிக்கும், அதனால பசியாறிட்டு ஆற அமரப் போனா கெடைக்காது. அத அழகுக்கு மட்டும் நடல. கூட்டச் சுமந்துக்கிட்டே செம்பனை இலையத் தின்னுற புழுவக் கொல்ற சின்னக் குளவிங்களுக்கு அந்தப் பூவுல தேன் இருக்கு, அதுக்காகத்தான் நடுறாங்க.

ஆத்தோரம், கம்பி வேலி ஓரம் ஊதாப் பூ தெரிஞ்சா அது செண்டுடுக்ங்கிற காட்டுச் செடி. அஞ்சு நிமிஷம் அசையாம நில்லுங்க, பெரிய கருவண்டு வந்து பூவப் பிடிச்சு உதறி உதறி மகரந்தம் எடுக்கும், அந்த உறுமல் சத்தம் நல்லாக் கேக்கும். அதோட பழம் தின்னா நாக்கு கருப்பாயிடும், அதோட அறிவியல் பேரு மெலஸ்தோமாவுக்கே கருப்பு வாய்னுதான் அர்த்தம். கால்கிட்ட தொட்டாச்சிணுங்கி ரோஸ் பந்து மாதிரி பூத்திருக்கும், பிள்ளைங்கள அதுலயே விட்டுடுங்க, அரைமணி நேரம் கவல இல்ல.

படி 5: பத்திரம்

தோட்ட ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுட்டு உள்ள போங்க. செம்பனைக்குள்ள எலி இருக்கும், எலி இருந்தா நாகம் இருக்கும், அதனால முழங்கால் பூட்ஸ் போடுங்க, விழுந்த மட்டைக் குவியல் மேல கால் வைக்காதீங்க. புல்லு கருகிக் கெடந்தா மருந்து அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம், அங்க பூவத் தொடாதீங்க, பழம் பறிச்சு வாயில வைக்கவே வேணாம்.

படி 6: காலண்டர்ல எழுதுங்க

வீட்டு நாள்காட்டியில மொத மொட்டு, முழுப் பூ, கொட்டுன நாள், கடைசி மழை, இந்த நாலையும் குறிச்சு வைங்க. வருஷம் முடிஞ்சதும் அந்தத் தாள மட்டும் கிழிச்சு எடுத்து வைங்க, அடுத்த தைப்பூசத்துக்குக் கையில வேணும்.