வயர்கார்டு நிறுவும் முன் லினக்ஸ் சர்வரில் சரிபார்க்க வேண்டிய அமைப்புகள்

வயர்கார்டு விபிஎன்னை நிறுவுவது ஒரே கட்டளையில் முடிந்துவிடும் வேலை. நிறுவிய பிறகு "இணைப்பு கிடைத்துவிட்டது, ஆனால் ஒரு தளமும் திறக்கவில்லை" என்று புதியவர்கள் தவிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் வயர்கார்டு அல்ல. அதற்கு அடியில் இருக்கும் சர்வரின் அமைப்புகளே. மென்பொருளை நிறுவிய பின் அவற்றைத் தேடத் தொடங்கினால், பிழை சாவியில் இருக்கிறதா, ஃபயர்வாலில் இருக்கிறதா, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருக்கிறதா என்று பிரித்தறிய முடியாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றத் தோன்றும். ஆகவே வயர்கார்டு உள்ளே வருவதற்கு முன்பே ஒவ்வோர் அமைப்பையும் தனித்தனியாகச் சரிசெய்து, சர்வரை மறுதொடக்கம் செய்த பிறகும் அது நிலைக்கிறதா என்று பார்த்துவிடுவதே இந்தச் செய்முறையின் நோக்கம்.

டெபியன் 12, டெபியன் 13, உபுண்டு 22.04, உபுண்டு 24.04 ஆகியவற்றுள் ஒன்று இயங்கும் வாடகை சர்வர் உங்களிடம் இருக்கிறது, எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழையவும் சூடோ பயன்படுத்தவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். தொடங்கும் முன் சர்வர் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவைப்பதோடு, அங்குள்ள வெப் கன்சோல் வழியாகவும் உள்ளே நுழைய முடிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஃபயர்வால் உங்களையே வெளியே நிறுத்திவிட்டால் திரும்ப உள்ளே செல்ல அந்த வழிதான் இருக்கும்.

கெர்னல் தயாராக இருக்கிறதா?

முதலில் "சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்" என்ற கட்டளையைக் கொடுங்கள். விடையாகக் கேவிஎம் என்று வந்தால் உங்கள் சர்வருக்குத் தனிக் கெர்னல் இருக்கிறது. கவலையின்றி மேலே செல்லலாம். எல்எக்ஸ்சி அல்லது ஓபன்விஇசட் என்று வந்தால், உங்கள் சர்வர் பலரோடு ஒரே கெர்னலைப் பகிர்ந்துகொள்கிறது என்று பொருள். அங்கே கெர்னல் மாட்யூலை ஏற்றும் உரிமை உங்களுக்கு இருக்காது. அத்தகைய சர்வரில் வயர்கார்டு-கோ என்னும், கெர்னலுக்கு வெளியே இயங்கும் வடிவத்தைப் பயன்படுத்த வழியுண்டு என்றாலும், புதியவர்கள் அதில் நேரம் செலவிடுவதைவிடக் கேவிஎம் சர்வர் ஒன்றுக்கு மாறிக்கொள்வதே நல்லது.

அடுத்து "சூடோ ஆப்ட் அப்டேட்", அதன்பின் "சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்" ஆகிய கட்டளைகளைக் கொடுத்து எல்லா மென்பொருள்களையும் புதுப்பித்து, "சூடோ ரீபூட்" மூலம் மறுதொடக்கம் செய்யுங்கள். புதிய கெர்னல் வட்டில் இறங்கியிருந்தாலும் மறுதொடக்கம் வரை இயங்கிக்கொண்டிருப்பது பழைய கெர்னல்தான் என்பதால், இந்த மறுதொடக்கத்தைத் தள்ளிப்போட வேண்டாம். சர்வர் எழுந்தபின் "யூநேம் -ஆர்" கட்டளையில் கெர்னலின் பதிப்பைக் காணலாம். 2020 மார்ச்சில் வெளிவந்த 5.6 பதிப்பிலிருந்து வயர்கார்டு லினக்ஸ் கெர்னலின் ஒரு பகுதியாகவே இருக்கிறது; டெபியன் 12 தருவது 6.1, உபுண்டு 24.04 தருவது 6.8 என்பதால் தனியாக எதையும் தொகுக்க வேண்டியதில்லை. "சூடோ மாட்ப்ரோப் வயர்கார்டு" என்று கொடுத்துப் பாருங்கள். எந்த விடையும் வராமல் அடுத்த வரிக்கு வந்துவிட்டால் அதுவே வெற்றி.

கடிகாரம்

இந்தப் படியைப் பல வழிகாட்டிகள் விட்டுவிடுகின்றன. வயர்கார்டு இணைப்பைத் தொடங்க அனுப்பும் முதல் செய்தியில் ஒரு நேரமுத்திரை இருக்கும். அதே நபரிடமிருந்து கடைசியாக வந்த முத்திரையைவிடப் புதியதாக இருந்தால்தான் மறுமுனை அதை ஏற்றுக்கொள்ளும். பழைய செய்தியைப் பிடித்து வைத்துக்கொண்டு மீண்டும் அனுப்பி ஏமாற்றுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. ஆனால் ஒரு கருவியின் கடிகாரம் முன்னோக்கி ஓடி, பிறகு சரியான நேரத்துக்குப் பின்னே திருப்பப்பட்டால், அது அனுப்பும் செய்திகள் எல்லாம் மறுமுனைக்குப் பழையவையாகத் தெரியும்; எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் அவை கைவிடப்படும்.

"டைம்டேட்சிடிஎல்" என்ற கட்டளையைக் கொடுத்தால் கடிகாரம் ஒத்திசைக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் கூறும் வரி ஒன்று வரும். அதில் "நோ" என்று இருந்தால் "சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ" என்று கொடுத்துச் சில நிமிடங்கள் கழித்து மீண்டும் பாருங்கள்; ஒத்திசைவுக்கான சேவையே இல்லை என்று பிழை வந்தால் குரோனி என்னும் மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். நேர மண்டலம் எதுவாக இருந்தாலும் வயர்கார்டுக்குப் பொருட்டில்லை. சர்வர் யுடிசியிலும் உங்கள் கைபேசி அதைவிட ஐந்தரை மணி முன்னே இந்திய நேரத்திலும் இருக்கலாம். நேரமுத்திரை நேர மண்டலத்தைப் பார்த்துக் கணக்கிடப்படுவதில்லை.

இன்டர்ஃபேஸின் பெயரும் முகவரி வரம்பும்

பழைய வழிகாட்டிகளை அப்படியே நகலெடுப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. அவற்றில் எல்லாம் சர்வரின் இணைய இன்டர்ஃபேஸ் இடிஹெச்0 என்று இருக்கும். உங்கள் சர்வரில் அது இஎன்எஸ்3 என்றோ இஎன்பி1எஸ்0 என்றோ இருக்கக்கூடும். "ஐபி ரூட் ஷோ டிஃபால்ட்" என்று கொடுத்தால் "டிஃபால்ட் வயா 203.0.113.1 டெவ் இஎன்எஸ்3" என்பது போன்ற ஒரு வரி வரும். "டெவ்" என்ற சொல்லுக்கு அடுத்து இருப்பதே பெயர். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், முகவரி மாற்றும் விதியை வயர்கார்டின் கோப்பில் எழுதும்போது இந்தப் பெயர் தேவைப்படும். பெயர் தவறாக இருந்தாலும் அந்த விதியைச் சர்வர் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும், வேலை மட்டும் நடக்காது.

சுரங்கத்துக்குள், அதாவது வயர்கார்டு இரு முனைகளுக்கும் இடையே அமைக்கும் மறையாக்கப்பட்ட பாதைக்குள், பயன்படுத்தப்போகும் முகவரி வரம்பையும் இப்போதே தீர்மானித்துவிடலாம். தனிப்பயன் முகவரிகளுக்கென 1996இல் ஒதுக்கப்பட்ட மூன்று வரம்புகளில் 192.168.0 என்றும் 192.168.1 என்றும் தொடங்கும் முகவரிகளை வீட்டு ரவுட்டர்கள் ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கின்றன, 172.17 என்று தொடங்குபவற்றை டாக்கர் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. வீட்டு நெட்வொர்க்கும் சுரங்கமும் ஒரே வரம்பில் இருந்தால், பாக்கெட்டை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதில் உங்கள் கணினி குழம்பிப்போகும். 10.77.23.0/24 போல எவரும் எளிதில் தேர்ந்தெடுக்காத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதே இடத்தில் "ஐபி லிங்க்" கட்டளையைக் கொடுத்து, உங்கள் இன்டர்ஃபேஸின் வரியில் எம்டியூ என்பதற்கு எதிரே உள்ள எண்ணையும் பாருங்கள். ஒரு பாக்கெட் அதிகபட்சம் எத்தனை பைட் இருக்கலாம் என்பதே அந்த எண். 1500 என்று இருந்தால் கவலை வேண்டாம். வயர்கார்டு தன் சுரங்கத்துக்கு இயல்பாக 1420 என்ற அளவை எடுத்துக்கொள்ளும். அதன் மேலுறை ஐபிவி4 வழியே 60 பைட்டும் ஐபிவி6 வழியே 80 பைட்டும் சேர்ப்பதால் மொத்தம் 1500ஐத் தாண்டாது. ஆனால் கூகுள் கிளவுடின் இயல்பு அளவு 1460. அங்கே 1420உம் 60உம் சேர்ந்து 1480 ஆகிவிடுவதால், சிறிய பாக்கெட்டுகள் எல்லாம் போய்வந்து, பெரிய பாக்கெட்டுகள் மட்டும் வழியில் தொலையக்கூடும். பிங் வேலை செய்யும், தளங்கள் பாதியில் நின்றுவிடும். அத்தகைய சர்வரில் இரு முனைகளின் வயர்கார்டு கோப்புகளிலும் எம்டியூ 1380 என்று எழுத வேண்டும் என்பதை இப்போதே குறித்துவைக்கவும்.

பாக்கெட்டுகளைக் கடத்தும் அனுமதி

லினக்ஸ் கணினி இயல்பாக ஒரு ரவுட்டர் அல்ல. தனக்கு வந்த பாக்கெட்டை ஏற்றுக்கொள்ளும். வேறொருவருக்குப் போக வேண்டியது தன் கைக்கு வந்தால், பக்கத்து வீட்டுக் கடிதத்தைக் குப்பையில் போடுபவரைப் போல ஓசையின்றிக் கைவிட்டுவிடும். விபிஎன் சர்வரின் வேலையே பிறருடைய பாக்கெட்டுகளைக் கடத்துவது என்பதால், கெர்னலின் இந்தக் குணத்தை மாற்ற வேண்டும். தொடக்கத்தில் சொன்ன "ஒரு தளமும் திறக்கவில்லை" என்ற புகாருக்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

இணையத்தில் உள்ள பெரும்பாலான வழிகாட்டிகள் "/இடிசி/சிஸ்சிடிஎல்.கான்ஃப்" என்ற கோப்பைத் திருத்தச் சொல்கின்றன. அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல், சர்வர் எழும்போது அந்தக் கோப்பு படிக்கப்படுவதே இல்லை. அதில் எழுதியவை அன்றைக்கு வேலை செய்வது போலத் தோன்றி, அடுத்த மறுதொடக்கத்தில் காணாமல் போய்விடும். எல்லாப் பதிப்புகளிலும் செல்லுபடியாகும் வழி, "/இடிசி/சிஸ்சிடிஎல்.டி/" என்ற கோப்புறைக்குள் நமக்கென ஒரு கோப்பை உருவாக்குவதுதான். "சூடோ நானோ /இடிசி/சிஸ்சிடிஎல்.டி/99-வயர்கார்டு.கான்ஃப்" என்று திறந்து, உள்ளே இந்த ஒரு வரியை எழுதிச் சேமிக்கவும்:

நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்டு = 1

கோப்பின் பெயரில் 99 என்று வைப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் கோப்புறையில் உள்ளவை பெயர் வரிசைப்படி படிக்கப்படுகின்றன. ஒரே அமைப்பை இரண்டு கோப்புகள் குறிப்பிட்டால் கடைசியில் படிக்கப்பட்டதே நிற்கும். பிறகு "சூடோ சிஸ்சிடிஎல் --சிஸ்டம்" என்று கொடுத்தால், எந்தெந்தக் கோப்பு எந்த வரிசையில் படிக்கப்பட்டது என்பதைத் திரையில் வரி வரியாகக் காணலாம். நம் வரிக்குப் பிறகு அதே அமைப்பு 0 என்று மீண்டும் வருகிறதா என்று அந்தப் பட்டியலைப் பொறுமையாக ஒருமுறை படியுங்கள்.

ஐபிவி6 போக்குவரத்தையும் சுரங்கத்தின் வழியே அனுப்ப விரும்பினால் "நெட்.ஐபிவி6.கான்ஃப்.ஆல்.ஃபார்வர்டிங் = 1" என்ற வரியையும் சேர்க்க வேண்டும். இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சில சர்வர்கள் தங்கள் ஐபிவி6 வழியை ரவுட்டர் அவ்வப்போது அனுப்பும் அறிவிப்பிலிருந்து தெரிந்துகொள்கின்றன. கடத்தும் அனுமதி கொடுக்கப்பட்டதும், நாமே ரவுட்டர் ஆகிவிட்டோம் என்று கருதி அந்த அறிவிப்புகளைக் கெர்னல் புறக்கணிக்கத் தொடங்கும். சிறிது நேரத்தில் சர்வரின் ஐபிவி6 வழி காலாவதியாகிவிடும். அனுமதி கொடுப்பதற்கு முன்னும், கொடுத்துச் சில மணி நேரம் கழித்தும் "ஐபி -6 ரூட் ஷோ டிஃபால்ட்" என்று பாருங்கள், வழி மறைந்திருந்தால் "நெட்.ஐபிவி6.கான்ஃப்.இஎன்எஸ்3.அக்செப்ட்_ஆர்ஏ = 2" என்ற வரியை, உங்கள் இன்டர்ஃபேஸின் பெயரை இட்டு, அதே கோப்பில் சேர்க்கவும். ஐபிவி6ஐ முழுவதுமாக விட்டுவிடலாமா என்றால் விடலாம். ஆனால் உங்கள் கைபேசிக்கு ஐபிவி6 முகவரி இருந்து, சுரங்கம் ஐபிவி4ஐ மட்டும் சுமந்தால், ஐபிவி6 போக்குவரத்து சுரங்கத்துக்கு வெளியிலேயே போய்க்கொண்டிருக்கும்.

வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லி இருபது முப்பது வரிகளை இந்தக் கோப்பில் ஒட்டச் சொல்லும் வழிகாட்டிகளும் உண்டு. அவற்றை ஒட்ட வேண்டாம் என்பதே என் பரிந்துரை. அவற்றில் அடிக்கடி வரும் பிபிஆர் என்பது, சர்வர் தானே பேசும் டிசிபி இணைப்புகளின் வேகத்தை நெறிப்படுத்துவது. பிறருடைய பாக்கெட்டுகளை வெறுமனே கடத்தும் வேலையில் அதற்குப் பங்கில்லை.

ஃபயர்வால்

உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ என்னும் ஃபயர்வால் மென்பொருள் ஏற்கெனவே இருக்கும், ஆனால் செயல்படாமல் இருக்கும். டெபியனில் "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் யூஎஃப்டபிள்யூ" என்று நிறுவிக்கொள்ள வேண்டும். எதையும் இயக்கும் முன் "சூடோ யூஎஃப்டபிள்யூ அலவ் ஓபன்எஸ்எஸ்ஹெச்" என்று கொடுங்கள். இது 22ஆம் போர்ட்டை மட்டுமே திறக்கும். எஸ்எஸ்ஹெச்சை வேறு போர்ட்டுக்கு மாற்றியிருந்தால் அந்த எண்ணையே கொடுக்க வேண்டும். அதன்பின் வயர்கார்டுக்காக "சூடோ யூஎஃப்டபிள்யூ அலவ் 51820/யுடிபி" என்றும், கடத்தலுக்காக "சூடோ யூஎஃப்டபிள்யூ ரூட் அலவ் இன் ஆன் டபிள்யூஜி0 அவுட் ஆன் இஎன்எஸ்3" என்றும் கொடுக்கவும். இஎன்எஸ்3 இருக்கும் இடத்தில் உங்கள் இன்டர்ஃபேஸின் பெயரை இடுங்கள். வயர்கார்டுக்கான டபிள்யூஜி0 என்ற இன்டர்ஃபேஸ் இன்னும் பிறக்காவிட்டாலும் இந்த விதி ஏற்றுக்கொள்ளப்படும். கடைசியாக "சூடோ யூஎஃப்டபிள்யூ இனேபிள்". இப்போது இருக்கும் எஸ்எஸ்ஹெச் அமர்வை மூடாமல், வேறொரு டெர்மினலில் புதிதாக நுழைந்து பாருங்கள். பழைய இணைப்பு தொடர்வதால் மட்டும் புதிய இணைப்பும் அனுமதிக்கப்படும் என்று சொல்ல முடியாது.

யூஎஃப்டபிள்யூ தனக்கென "/இடிசி/யூஎஃப்டபிள்யூ/சிஸ்சிடிஎல்.கான்ஃப்" என்ற கோப்பை வைத்திருக்கிறது, தான் எழும்போது அதில் உள்ளவற்றை நம் அமைப்புகளின் மேல் எழுதிவிடும். அங்கே அமைப்புகளின் பெயர்கள் புள்ளிக்குப் பதிலாகச் சாய்கோட்டால் பிரிக்கப்பட்டிருக்கும் என்பதால், தேடும்போது கண்ணில் படாமல் போகலாம். கடத்தல் குறித்த வரி அங்கே 0 என்று இல்லாமல் இருந்தால் போதும்.

பல கிளவுட் நிறுவனங்கள் சர்வருக்கு வெளியே இன்னொரு ஃபயர்வாலையும் வைத்திருக்கின்றன. அவற்றின் கட்டுப்பாட்டுப் பக்கத்திலும் யுடிபி 51820ஐத் திறக்க வேண்டும். டிசிபி என்று தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். தன்னை நிரூபிக்காத எவருக்கும் வயர்கார்டு பதில் அளிக்காது என்பதால், நிறுவிய பிறகு போர்ட் ஸ்கேனர் கொண்டு இதைச் சோதிப்பது பயன் தராது. இப்போதே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சர்வரில், வந்துபோகும் பாக்கெட்டுகளைத் திரையில் காட்டும் டிசிபிடம்ப் மென்பொருளை நிறுவி, "சூடோ டிசிபிடம்ப் -என் -ஐ இஎன்எஸ்3 யுடிபி போர்ட் 51820" என்று ஓடவிடுங்கள். உங்கள் லினக்ஸ் அல்லது மேக் கணினியில் "என்சி -யூ" என்று தொடங்கி, சர்வரின் முகவரியையும் 51820 என்ற எண்ணையும் கொடுத்து, ஏதேனும் ஒரு சொல்லைத் தட்டி என்டரை அழுத்துங்கள். சர்வரின் திரையில் ஒரு வரி தோன்றினால் வெளி ஃபயர்வால் வழிவிட்டுவிட்டது. டிசிபிடம்ப், யூஎஃப்டபிள்யூவுக்கு முன்பாகவே பாக்கெட்டைப் பார்த்துவிடும் என்பதால், உள் ஃபயர்வாலை "சூடோ யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ்" கொண்டு தனியாகவே சரிபார்க்க வேண்டும்.

மறுதொடக்கம்

இப்போது "சூடோ ரீபூட்" கொடுத்து, சர்வர் எழுந்ததும் "சிஸ்சிடிஎல் நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்டு" என்று கேளுங்கள், 1 என்று வர வேண்டும். யூஎஃப்டபிள்யூவின் நிலை "ஆக்டிவ்" என்றும், டைம்டேட்சிடிஎல்லின் ஒத்திசைவு வரி "யெஸ்" என்றும் இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று பிசகினாலும் மேலே செல்லாமல், அந்தப் படிக்கு மட்டும் திரும்பிச் சென்று சரிசெய்து, மீண்டும் ஒருமுறை மறுதொடக்கம் செய்து பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் புதிய ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுத்துக்கொண்டு "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் வயர்கார்டு" என்று கொடுக்கலாம்.