கன்று பிறந்த முதல் சில மணி நேரத்தில் செய்யக்கூடாத தவறுகள்

“தாய்கூடத்தானே நிற்கிறது, எப்படியும் குடித்திருக்கும்.” இறைச்சிக்காக மாடு வளர்க்கும் சின்னப் பண்ணைகளில் கன்றைப் பறிகொடுக்க வைக்கும் முதல் தவறு எது என்று கேட்டால் இந்த நினைப்பைத்தான் சொல்வேன். கறவை மாடு என்றால் தினமும் மடியில் கை வைக்கிறோம், ஒரு காம்பு அடைத்திருந்தாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். இந்த இறைச்சி மாடுகளை யாரும் கறப்பதில்லை. தலையீற்றுக் கிடேரி வலியிலும் பயத்திலும் கன்றை உதைத்துத் தள்ளும், வயதான மாட்டுக்கோ காம்பு பருத்துத் தரையை நோக்கித் தொங்கும், அதைக் கன்றால் வாயில் பிடிக்கவே முடியாது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் சேர்ந்து நிற்பது மட்டும்தான் தெரியும்.

சீம்பாலுக்கு ஏன் இவ்வளவு பதறுகிறோம் என்றால், மாட்டின் வயிற்றில் இருக்கும்போது நோய் எதிர்ப்புச் சக்தி தாயிடமிருந்து கன்றுக்குப் போவதில்லை. நஞ்சுக்கொடி அதை விடாது. கன்று வெறுங்கையோடுதான் பிறக்கிறது, சீம்பாலில் இருப்பதைக் குடல் வழியாக உறிஞ்சித்தான் ஆக வேண்டும், அந்தக் குடல் கதவும் பிறந்த நிமிடத்திலிருந்தே மெல்ல மூட ஆரம்பித்து 24 மணி நேரத்தில் முழுசாக மூடிவிடும். அதனால் முதல் 2 மணி நேரத்துக்குள் எழுந்து குடிக்க வேண்டும், 4 மணி நேரம் ஆகியும் குடித்த அடையாளம் இல்லையென்றால் நாம்தான் கறந்து கொடுக்க வேண்டும். முதல் 12 மணி நேரத்துக்குள் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும், 35 கிலோ கன்றுக்குச் சுமார் மூன்றரை லிட்டர். குடித்ததா என்று தெரிய மடியைப் பாருங்கள்: குடித்த காம்பு சுத்தமாக, பளபளப்பாக, கொஞ்சம் தளர்ந்து இருக்கும், வாய் படாத காம்பில் தூசி அப்படியே ஒட்டியிருக்கும்.

நல்ல மாட்டிடம் கொஞ்சம் சீம்பால் கறந்து உறைய வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்தான். ஆனால் அவசரத்தில் அதைக் கொதிக்கும் நீரில் போட்டு உருக்குகிறார்கள், 60 டிகிரியைத் தாண்டினால் எந்தச் சக்திக்காகக் கொடுக்கிறோமோ அதுவே கெட்டுவிடும். கை பொறுக்கும் சூட்டு நீரில் வைத்துப் பொறுமையாக உருக்குங்கள். அப்புறம், வேறு பண்ணையிலிருந்து சீம்பால் வாங்கி வராதீர்கள், ஜோனிஸ் (மாட்டின் குடலைத் தாக்கும் தீராத கழிச்சல் நோய்) மாதிரி நோய்களும் அதோடு சேர்ந்து வந்துவிடும்.

ஈனும்போது நடக்கும் தவறு இரண்டு பக்கமும் உண்டு. கால் தெரிந்த உடனே இழுப்பவர்கள் ஒரு பக்கம், விடியட்டும் என்று விட்டுவிடுபவர்கள் இன்னொரு பக்கம். நீர்க்குடம் உடைந்தபின் பல ஈற்று கண்ட மாடு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஈன்றுவிடும், தலையீற்றுக்குக் கொஞ்சம் கூட ஆகும். மாடு நன்றாக முக்கியும் அரை மணி நேரமாக எதுவும் நகரவில்லையா, மருத்துவரைக் கூப்பிடுங்கள். குளம்பின் அடிப்பக்கம் கீழே பார்த்து இரண்டு முன்னங்கால், மேலே மூக்கு, இதுதான் சரியான வரிசை. அடிப்பக்கம் மேலே பார்த்தால் பெரும்பாலும் பின்னங்கால். வால் மட்டும் தட்டுப்பட்டால் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள். இழுக்கத்தான் வேண்டும் என்றால் மாடு முக்கும்போது மட்டும் இழுங்கள், அது ஓய்ந்தால் நீங்களும் ஓயுங்கள். டிராக்டரில் கயிறு கட்டி இழுப்பது கொடுமை, அது தாயையும் கன்றையும் சேர்த்தே முடித்துவிடும்.

மூச்சு வரவில்லை என்று கன்றைப் பின்னங்காலில் தலைகீழாகத் தொங்கவிடுவதைத் தயவுசெய்து விடுங்கள். அப்போது வழிவது பெரும்பாலும் வயிற்றில் இருக்கும் நீர், நுரையீரலில் இருப்பது இல்லை, குடலின் பாரமெல்லாம் உதரவிதானத்தை அழுத்த மூச்சு இன்னும் திணறும். நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, கால்களை இரண்டு பக்கமும் மடக்கி உட்காரவைத்து, மூக்குக்குள் ஒரு வைக்கோலை விட்டுச் சீண்டுங்கள், காதில் கொஞ்சம் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள், வைக்கோலால் அழுத்தித் தேயுங்கள். தும்மினால் போதும்.

மூச்சு வந்துவிட்டதா, அப்போது விலகி நில்லுங்கள். தாய் நக்குவதில்தான் உறவு உண்டாகிறது, நாம் துண்டால் பளபளவென்று துடைத்துவிட்டால் கன்றின் வாசனையே அதற்குத் தெரியாமல் போகும். நேற்றுவரை கையில் தீவனம் தின்ற மாடு இன்றைக்கு முட்டித் தூக்கும், ஆகவே இரண்டுக்கும் நடுவில் போகாதீர்கள், நாயைக் கட்டிப்போடுங்கள், பிள்ளைகள் வேலிக்கு வெளியில் நின்று பார்க்கட்டும். தொங்கும் நஞ்சுக்கொடியை இழுக்கவோ அதில் கல் கட்டவோ வேண்டாம், வழக்கமாக 12 மணி நேரத்துக்குள் தானாக விழும், ஒரு நாள் தாண்டினால் மருத்துவர் பார்க்க வேண்டும். விழுந்ததை எடுக்கும்போது கையுறை போடுங்கள், மாட்டுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும் புரூசெல்லா கிருமி மனிதருக்கும் தொற்றும்.

தொப்புளுக்கு 7 சதவீத அயோடின் டிஞ்சர். சும்மா தெளித்துவிட்டால் போதாது, சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடி முழுவதும் முங்க வேண்டும். காம்பில் தோய்க்கும் மருந்து இதற்கு ரொம்ப நீர்த்தது. தவறவிட்டால் தொப்புள் வழியே கிருமி ஏறி, பின்னால் மூட்டு வீங்கி நொண்டலாம்.

குளிர்காலமா, வாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள். வாய் ஜில்லென்று இருந்தால் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வையுங்கள், 38.5 முதல் 39.5 டிகிரி வரை இருக்க வேண்டும், 38-க்குக் கீழே போனால் உள்ளே தூக்கி வந்து உலர்த்திச் சூடாக்கிவிட்டுச் சீம்பால் கொடுங்கள்.

கடைசியாகக் கழிச்சல். எல்லா மாடும் ஒரே சேற்றுத் தொழுவத்தில் ஈன்றால், முதலில் பிறந்த கன்றுகள் பெருக்கிய கிருமியைப் பிந்திப் பிறந்தவை வாங்கிக்கொள்ளும், அதனால் இனி ஈனப்போகும் மாடுகளை வேறு சுத்தமான இடத்துக்கு நகர்த்துங்கள். கழிகிறதே என்று பாலை நிறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கழிச்சலில் சாவது நீர் வற்றித்தான். பாலையும் கொடுங்கள், நடுவில் சில மணி நேரம் இடைவெளி விட்டு உப்பு சர்க்கரைக் கரைசலையும் கொடுங்கள், கண் குழிவிழுந்து எழ முடியாமல் படுத்துவிட்டால் அன்றைக்கே மருத்துவரை வரவழைத்து நரம்பில் திரவம் ஏற்றச் சொல்லுங்கள்.