முன் சஸ்பென்ஷன் புஷ்: அந்தக் கடைசி போல்ட்டை எப்போது முறுக்குவது?

பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் என் பழைய காரின் முன்பக்கம் 'டக்' என்று சத்தம் போட்டது. ஆர்ம் எனும் இரும்புக் கை காரின் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்திலுள்ள புஷ்களையும் (இரு குழாய்களுக்கு நடுவே ரப்பர் வைத்தவை), சக்கரப் பக்கம் சேரும் இடத்திலுள்ள பால் ஜாயிண்ட்களையும் மாற்றினேன், சத்தம் நின்றது. நான்கே மாதத்தில் புது ரப்பர் கிழிந்து சத்தம் திரும்பி வந்தது. புஷ்ஷில் குறையில்லை, போல்ட்டை முறுக்கிய நேரம்தான் தவறு. மேலும் கீழும் ஆர்ம், நடுவே காயில் ஸ்பிரிங் உள்ள கார்களுக்கான முறை இது.

காரைத் தூக்குவதற்கு முன், சமதளத்தில் நிறுத்திச் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிவையுங்கள். பிறகு கீழ் ஆர்மின் அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சக்கரத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால், வேறொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் தேய்ந்திருப்பது வீல் பேரிங். பால் ஜாயிண்ட் அல்ல.

காரின் அடிச்சட்டத்தின் கீழ் ஸ்டாண்ட் வைத்துச் சக்கரத்தைக் கழற்றுங்கள். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லக்கூடியது. அதன் வளையங்களூடே சங்கிலி கோத்துச் சட்டத்தோடு கட்டுங்கள். ஸ்பிரிங் முழுதாகத் தளரும்வரை கீழ் ஆர்மைத் தாங்கும் ஜாக்கியை எடுக்கவே கூடாது. பால் ஜாயிண்ட் நட்டை முழுதாகக் கழற்றாமல் இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்தி, ஜாயிண்டின் முள் (நட்டு மாட்டும் தண்டு) நுழைந்திருக்கும் கண்ணின் (துளையுள்ள பாகத்தின்) பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி அடியுங்கள். எதிர்ப்பக்கம் இன்னொரு கனமான சுத்தியலை அண்டக்கொடுத்தால் இரண்டு மூன்று அடியில் விடுபடும். ஜாயிண்டைப் பிரிக்க இடையில் அடித்துச் செருகும் கவட்டைக் கருவி எனக்குப் பிடிக்காது; ரப்பர் உறையைக் கிழித்துவிடும். விடுபட்டதும் நட்டை எடுத்து, ஜாக்கியை மெதுவாக இறக்கி, ஸ்பிரிங் முழுதாகத் தளர்ந்தபின் வெளியே எடுங்கள். பிரேக் ஹோஸ் எதன் பாரத்தையும் தாங்கக் கூடாது.

பழைய புஷ்ஷை அடித்து எடுக்காதீர்கள், ஆர்ம் வளையும். நீண்ட போல்ட், தடித்த வாஷர்கள், பொருத்தமான சாக்கெட் ஆகியவற்றைக் கொண்டு இழுத்தெடுப்பதே நல்லது. எனக்கு வந்த புஷ்ஷில் ஒரு பக்க ரப்பர் காகிதம்போல் மெலிந்து, உள்குழாய் வெளிக்குழாயில் உரசிய இடம் பளபளத்தது. புதியதைச் சோப்பு நீர் தடவி ஏற்றுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும்.

இனிதான் நான் தவறிய இடம். இந்தப் புஷ்ஷில் எதுவும் சுழல்வதில்லை. போல்ட் உள்குழாயை இறுக்கிப் பிடிக்க, ஆர்ம் அசையும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கிறது. ஆர்ம் தொங்கும் நிலையில் முறுக்கினால், கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கியபடியே இருக்கும். எனவே புஷ் வழியே செல்லும் ஆர்மின் அச்சு போல்ட்களைக் கையால் மட்டும் முறுக்கி மற்றதைப் பூட்டுங்கள். பால் ஜாயிண்ட் நட்டில் ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் பூட்டும் ஊசி) துளை பொருந்தாவிட்டால் பின்னால் தளர்த்தாமல் சற்று முன்னால் முறுக்குங்கள். சக்கரத்தை மாட்டிக் காரை இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கிவிட்டு, எழுதிவைத்த அளவு வந்தபின் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) அச்சு போல்ட்களை இறுக்குங்கள். அடுத்த வேலை வீல் அலைன்மென்ட்.

பின்சேர்க்கை: காரை இறக்கினால் போல்ட்டுக்கு ஸ்பேனர் எட்டவில்லை என்று இருவர் கேட்டார்கள். சக்கரமில்லாமலே கீழ் ஆர்மை ஜாக்கியால் உயர்த்துங்கள். சட்டம் ஸ்டாண்டிலிருந்து மயிரிழை விலகும்போது ஹப் (சக்கரம் மாட்டும் பாகம்) மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தால் ஏறக்குறைய அதே எண் வரும், அங்கே முறுக்கலாம். பாலியூரித்தேன் புஷ்ஷில் உள்குழாய் சுழலும் என்பதால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதற்குரிய சிலிக்கோன் கிரீஸ் வேண்டும், சாலை அதிர்வும் கூடும். நான் ரப்பரையே போடுகிறேன்.