காருக்குள் கெட்ட வாடையா? மூலத்தைப் பிடியுங்கள்

காரில் வாடை அடித்தால் பலரும் முதலில் செய்வது பெர்ஃப்யூம் வாங்கி மாட்டுவதுதான். அதனால் வாடை போகாது. இரண்டும் கலந்து தலைவலிதான் வரும். தயவுசெய்து அந்தச் செலவைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

படி 1: எங்கிருந்து வருகிறது?

கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, காரைச் சிறிது நேரம் வெயிலில் நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்து முகர்ந்து பாருங்கள். கால்மிதி மேட்டைத் தூக்கிவிட்டு அடியில் இருக்கும் கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடியிலுள்ள பஞ்சில் ஈரம் தேங்கியிருக்கும். சீட்டுக்கு அடியிலும், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் பார்க்க மறக்காதீர்கள்.

படி 2: சுத்தம்

குப்பையை எடுத்து, வாக்யூம் போடுங்கள். துணி சீட் என்றால், காய்ந்திருக்கும்போது ஆப்ப சோடாவைப் பரவலாகத் தூவி, இரவு முழுக்க விட்டு, காலையில் மறுபடி வாக்யூம் போட்டு எடுங்கள்.

பால் கொட்டியிருந்தால் சுடுதண்ணீர் ஊற்றவே கூடாது. சூட்டில் பாலின் புரதம் இறுகித் துணி இழையிலேயே பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, என்சைம் கிளீனர் (கறையிலுள்ள புரதத்தைச் சிதைக்கும் திரவம்) போடுங்கள். வாந்திக்கும் இதே வழிதான்.

சிகரெட் வாடை கூரைத் துணியிலும் கண்ணாடியின் உட்புறத்திலும் படிந்திருக்கும். கூரையை ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும். ஊற நனைத்தால் பசை விட்டுத் துணி தொங்கிவிடும்.

படி 3: ஏசி

ஏசி போட்டதும் காயாத துணி மாதிரி வாடை வந்து, கொஞ்ச நேரத்தில் குறைகிறதா? காற்றில் உள்ள ஈரம் ஏசியின் குளிர்ந்த காயிலில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) நீராகப் படிகிறது. வண்டியை நிறுத்திய பிறகு அந்த ஈரத்தில்தான் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்கின்றன.

முதலில், காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். கறுத்து, இலைத்தூசி அடைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். புதியதில் இருக்கும் அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டும். பழையது எப்படி இருந்தது என்று பார்த்து அதே பக்கமாகப் பொருத்துங்கள்.

அப்புறம், ஏசி ஓடும்போது காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது நல்லதுதான். அங்கே சொட்டாமல் முன்சீட் கால்வைக்கும் இடம் நனைந்தால், வடிகுழாய் அடைத்திருக்கலாம்.

இனி வாடை திரும்பாமல் இருக்க, இறங்க வேண்டிய இடத்துக்கு 5 நிமிடம் முன்பே ஏசியை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். ஏசி காயில் உலர்ந்துவிடும். செலவே இல்லாத இந்தப் பழக்கத்தைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன்.

இவற்றுக்குச் சுத்தம் செய்வது தீர்வல்ல

இனிப்பு கலந்த வாடை வந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிவாக இருக்கலாம், உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வயர் கருகும் வாடை என்றால் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிடுங்கள். பெட்ரோல் வாடை என்றால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.